யாழைப் பண்ணுதலும் பேஸ் கிதாரும்

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியவுடன் பாடத் தொடங்குவதில்லை. சித்திரம் எழுதிய துணியுறைக்குள் வைத்துக் காக்கப்பட்ட யாழ் அது. பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் நான்கு உறுப்பிலும் குற்றம் நீங்கியது என்று இளங்கோவடிகளே சான்று தந்துவிடுகிறார். ஆயினும் அவள் அதனை அப்படியே வாசித்துவிடவில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என எண்வகைச் செயல்களால் இசையை எழுப்பிப் பார்க்கிறாள். அதன் பின்னரே யாழைக் கோவலன் கையில் நீட்டுகிறாள்.

நம் வகுப்பறைகளில் இந்த எட்டும் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டுமே கடந்துபோவது வழக்கம். உரைகளின் துணைகொண்டு சற்றே நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். பண்ணல் என்பது பாட நினைத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இறுக்கி நிறுத்துவது. பரிவட்டணை என்பது அப்படி இறுக்கிய நரம்புகளை விரலின் அகத்தாலும் புறத்தாலும் தடவிச் சோதிப்பது. ஆராய்தல் ஏற்ற இறக்கமாக ஒலித்துத் தெரிவது. தைவரல் சுருதியை மேலும் நுணுக்கிச் சேர்ப்பது. எஞ்சிய நான்கும் பாடலின் நடைகள். அதாவது எட்டில் பாதி கருவியை அணியமாக்கும் வேலை, பாதி வாசிப்பு என்பது நம் கருத்து. குற்றமற்ற கருவிக்கே இவ்வளவு வேலை தேவைப்படுகிறது. அணியமாக்கிய கை ஒன்று, முதலில் வாசித்த கை மற்றொன்று என்பதையும் கருதுதல் வேண்டும்.

கருவி என்பது செய்து முடிக்கப்பட்ட பொருள் அன்று; வாசிக்கத் தகுந்ததாக ஒருவர் அதனை ஆக்க வேண்டும். இசை வரலாறு பாடியவரை நினைவில் வைக்கும், பண் அமைத்தவரை நினைவில் வைக்கும், ஓரளவு வாசித்தவரையும் நினைவில் வைக்கும். கருவியை ஆக்கிக் கொடுத்தவரை நினைவில் வைப்பதில்லை. அவருடைய அறிவு எழுதப்படாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு யாழே சான்று. இக்கருத்தை இன்றைய கருவியொன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவடியிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர் தம் முதல் பேஸ் கிதாரை வாங்கித் தருமாறு நம்மைத் துணைக்கு அழைத்ததே இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோல்.

மெலிவின் கருவி

தமிழிசை மரபு ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுக்கும். பேஸ் கிதார் மெலிவுக்கு உரிய கருவி. வழக்கமான வடிவில் அதற்கு நான்கு தந்திகள். அவற்றின் அதிர்வெண்கள் தடித்த தந்தியிலிருந்து தொடங்கி முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மேலைநாட்டார் இவற்றை ஈ, ஏ, டி, ஜி என்பர். ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்தையதிலிருந்து நான்காம் சுரத்தில் நிற்கிறது. இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவைச் சொல்லும் நம் மரபில் நான்காம் நரம்பு நட்பு நரம்பு ஆகும். எனவே நட்பால் அடுக்கப்பட்ட நான்கு நரம்புகளின் கருவி இது என்று தமிழில் சொல்லலாம்.

மேலையிசையில் மெலிவை நெடுங்காலம் தாங்கியது டபுள் பேஸ் எனும் பெருவயலின். ஆள் உயரம் மிக்க அதனைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் செல்லுதல் அரிது. பித்தளைக் கருவிகளுக்கு நடுவே அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பார் 1930-களிலேயே மெட்டுகள் பதித்த மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகை வென்றது. மெட்டு இல்லாத பெருவயலினில் விரல் நிற்கும் இடத்தைக் காதுதான் தேட வேண்டும். மெட்டு இருந்தால் சுரம் துல்லியமாக நிற்கும் என்பதே அப்பெயரின் பொருள். தந்தியின் அதிரும் நீளத்தை ஃபெண்டர் 34 அங்குலமாக, அதாவது ஏறக்குறைய 864 மில்லிமீட்டராக நிறுத்தினார். இன்றும் அதுவே பொதுவழக்கு.

இங்கே நம் கருத்துக்கு அரண் செய்யும் செய்தி ஒன்று உண்டு. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய கைவினைஞர் அவர். தம் கருவியில் கழுத்தை மரை ஆணிகளால் உடலோடு இணைத்தார். தந்திகள் ஏறி அமரும் குதிரையை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்துமாறு அமைத்தார். கருவி விற்பனைக்குப் பிறகும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி அதற்கும் முந்தையது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ அதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். தந்தியின் இழுவிசையால் வளையும் மரத்தை எதிர்த்திசையில் இழுத்து நேர்செய்வது அக்கம்பியின் தொழில்.

சென்னைக்கு வந்த வழி

சென்னையில் மேலைநாட்டுக் கருவிகளின் வாணிகம் பழமையானது. 1842-இல் மிஸ்குயித் என்ற பெயரில் தொடங்கிய கடைதான் பிற்காலத்தில் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் ஆயிற்று. இலண்டன் டிரினிடி கல்லூரியின் இசைத் தேர்வுகள் இந்நகரில் அக்கடையின் வழியே நெடுங்காலம் நடைபெற்றன. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா செவ்வியல் கிதாருக்கான டிரினிடி தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதைத் திரையிசை அன்பர்கள் அறிவர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது தமிழ்த் திரையிசைக்கு வந்து சேர்ந்தவர், கிதாரின் நரம்புகளை விரல்வழி அறிந்த ஓர் இசையமைப்பாளர்.

அவர் இசையில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணைபோகும் முட்டுக்கட்டையாக நிற்கவில்லை. பாடகர் ஒரு மெட்டில் செல்ல, அதற்கு அடியில் மற்றொரு மெட்டாகப் பேஸ் நடந்தது. 1982-இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’வின் ‘பனிவிழும் மலர்வனம்’ பாடலையோ, 1987-இல் வந்த ‘ரெட்டை வால் குருவி’யின் ‘ராஜ ராஜ சோழன் நான்’ பாடலையோ பாடகர் குரலை மனத்தால் விலக்கிவிட்டுக் கேட்போர் இதனை உணர்வர். அந்தக் காலத்தின் பேஸ் கிதார்க் கலைஞர் சசிதரன். அவர் விரல்களில் பிறந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர் பல கோடி. அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

இதற்கு ஒலியியலும் ஒரு காரணம். தேநீர்க் கடை வானொலியின் சிறிய ஒலிபெருக்கி 41 ஹெர்ட்ஸ் அதிர்வை வெளியிட வல்லதன்று. அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளே நம் செவியை எட்டின. அவற்றைக் கொண்டு இல்லாத அடியொலியைச் செவி தானே இட்டு நிரப்பிக்கொண்டது. 1978-இன் ‘ப்ரியா’, ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான தொடக்கத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. அதன் பின் ஒலிநாடாக்களும் இரட்டை ஒலிபெருக்கிகளும் வீடுதோறும் வந்தன. நாம் பல ஆண்டுகள் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்த கருவி அப்போதுதான் மெல்ல வெளிப்பட்டது.

இதே கதை கடலுக்கு அப்பாலும் நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-கள் முழுவதும் பெயரின்றி இருந்தார். 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டு உறையில்தான் அவர் பெயர் உரிய மதிப்போடு அச்சேறியது. நம்மிடையே 1992-இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர். ரஹ்மான், தம் ஒலிநாடா உறைகளிலும் குறுவட்டு உறைகளிலும் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரப்பினார். பேஸ் கிதார்க் கலைஞர் கீத் பீட்டர்ஸ் பெயரை நம்மில் பலர் அறிந்தது அந்தச் சிறிய எழுத்துகளின் வழியாகத்தான். வாசித்தவருக்கு இவ்வாறு ஒரு வரி கிடைத்தது. அவர் கருவியின் கழுத்தை நேராக்கிக் கொடுத்தவருக்கு எந்த உறையிலும் இடமில்லை.

மேற்குப் புறநகரின் கடைத்தெரு

வடபழனி, சாலிகிராமம் பகுதிகளின் ஒலிப்பதிவுக் கூடங்களை ஒட்டிச் செல்லும் ஆற்காடு சாலை மேற்கே போரூரை அடைகிறது. அங்கிருந்து வழி பூந்தமல்லிக்கு நீள்கிறது. வடக்கே அம்பத்தூரும் ஆவடியும் 1960-களில் தொழிற்பேட்டையாலும் கனரக வாகனத் தொழிற்சாலையாலும் வளர்ந்த ஊர்கள். தேவாலயப் பாடகர் குழுவிலும், திருமண மேடையின் மெல்லிசைக் குழுவிலும், கல்லூரி விழாவிலும் பேஸ் கிதார் தூக்கும் இளைஞர்கள் இவ்வூர்களில் உண்டு. பகலில் கடைசல் இயந்திரத்தின் முன்னும் மாலையில் ஒலிபெருக்கியின் முன்னும் நிற்போரும் அவர்களுள் உண்டு.

1991-க்கு முன் வெளிநாட்டுக் கிதார் ஒன்றைப் பெறுவது எளிதாக இருந்ததில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் உயரமான சுவர்களாக நின்றன. கல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன் போன்ற கிதார்களே பலருக்குக் கைக்கு எட்டியவை. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரை நம்பியிருந்தவர்களும் உண்டு. இன்று நிலை வேறு. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்பட்ட பேஸ் கிதார்கள் கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் எதிர்ப்படும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் யமஹா நிறுவனத்தின் இசைக்கருவித் தொழிற்சாலை 2019-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கீபோர்டுகளும் மரக் கிதார்களும் அங்கே உருவாகின்றன.

பேஸ் கிதாரின் விரற்பலகைக்கு ஆகும் தோதகத்தி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் விளைவது. ஈட்டி என்றும் அதற்குப் பெயர். 2017-இல் அந்த மரவினம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தபோது பெருநிறுவனங்கள் சில மாற்று மரங்களைத் தேடின. 2019-இன் இறுதியில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நீலகிரி மரம் கப்பலேறிக் கருவியாகி அம்பத்தூருக்குத் திரும்பி வருவது இக்காலத்தில் வியப்புக்குரியதன்று.

தெரிந்தெடுத்தல்

வாங்கும்போது எதைப் பார்ப்பது? திருத்தக்கதேவர் இதற்கு ஒரு பாடமே வைத்திருக்கிறார். சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், இசைப்போட்டிக்காக நீட்டப்படும் யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக மறுக்கிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம். ஒன்று வாள் பட்ட மரம். ஒன்று இடி விழுந்த மரம். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே சிக்கிய மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்களை நான்காக உரையாசிரியர்கள் எண்ணுவர். கருவியை வாங்குவோன் கண்ணாலும் விரலாலும் செவியாலும் ஆராய வேண்டும் என்பது அன்றே இலக்கணமாகியிருக்கிறது.

நம் மாணவர் கருவியைத் தெரிந்தெடுத்தபோது பளபளப்பையும் நிறத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நாம் பார்த்தவை இவை. கழுத்தின் மேல்முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல் அதன் ஓட்டத்தைப் பார்த்தோம். முன்னோக்கிய சிறு வளைவு குற்றமன்று, கம்பியால் திருத்தலாம். ஒரு பக்கமாக முறுக்கிய கழுத்து குற்றம், அதைக் கம்பி திருத்தாது. அடுத்து, விரற்பலகையின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினோம். மரம் உலர்ந்து சுருங்கியிருந்தால் உலோக மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கீறும். பின்னர் நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி ஒலித்தோம். எல்லா மெட்டிலும் அதிர்வுச் சத்தம் எழுந்தால் அது சீரமைப்பில் தீரும். ஓரிடத்தில் மட்டும் எழுந்தால் அந்த இடத்து மெட்டு மேலெழும்பியிருக்கலாம். பிருடைகள் வழுக்கவில்லை என்பதையும், குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு எழவில்லை என்பதையும் இறுதியாக உறுதிசெய்தோம்.

அன்று கடையிலேயே வாசித்துவிட முடிந்தது உண்மைதான். ஆனால் தந்திகள் மெட்டுகளிலிருந்து மிக உயர்ந்து நின்றன. கழுத்தின் மேற்பகுதிக்குப் போகப் போகச் சுரம் ஏறி ஒலித்தது. அது அந்தக் கருவியின் பழுது என்று கருதுவதற்கில்லை. வேறொரு நாட்டுக் காற்றில் பொருத்தப்பட்டு, கப்பல் பெட்டிக்குள் வெந்து, குளிரூட்டிய கடையில் தொங்கிய மரம் அது. ஏரிகள் சூழ்ந்த ஆவடியின் காற்றை அது இன்னும் அறியவில்லை.

பண்ணல்

சீரமைப்பு அம்பத்தூரில் ஒரு வீட்டு முன்னறையில் நடந்தது. செய்து தந்தவர் இளமையில் தொழிற்பேட்டையில் பொருத்துநராகப் பணியாற்றியவர். பிற்பாடு கிதார் திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவர். அவர் கையில் இருந்தவை மூன்றே கருவிகள்: ஆலன் சாவிக் கொத்து, அரை மில்லிமீட்டர் கோடிட்ட எஃகு அளவுகோல், ஃபீலர் கேஜ். இறுதியாகச் சொன்னது மெல்லிய எஃகுத் தகடுகளின் விசிறி. வாகன எஞ்சினின் வால்வு இடைவெளியை அளக்க மெக்கானிக்குகள் வைத்திருப்பது. தொழிற்பேட்டையின் அளவுக் கருவி இசைக்கருவியின் அளவுக் கருவியாக மாறியிருப்பதைக் கண்டபோது, அம்பத்தூரின் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம் அது என்று நமக்குத் தோன்றியது.

முதல் வேலை காத்திருத்தல். கருவியை வீட்டுக் காற்றில் சில நாள் இருக்கவிட்டு, புதுத் தந்திகளைப் பூட்டி, சுருதி சேர்த்த பிறகே அளவெடுக்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையால் இழுக்கின்றன. அந்த இழுவிசை இல்லாத நிலையில் எடுக்கும் அளவுக்குப் பொருளில்லை.

இரண்டாவது, கழுத்தின் வளைவு. தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலைச் சேரும் இடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால், நடுவில் தந்தியே நேர்கோட்டு அளவுகோலாகிவிடும். ஏழாம், எட்டாம் மெட்டுகளுக்கு மேல் தந்திக்கு அடியில் 0.3 மில்லிமீட்டர் தகடு தடையின்றி நுழைந்தால் போதுமானது. இடைவெளி மிகுந்தால் உட்கம்பியை வலஞ்சுழியாக இறுக்குவர். குறைந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்துவர். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. சுற்றியபின் மீண்டும் சுருதி சேர்த்து, மரம் இணங்குவதற்கு நேரம் தந்து, மறுபடியும் அளக்க வேண்டும். முரட்டுக் கை இங்கே கம்பியை முறித்துவிடும்.

மூன்றாவது, தந்தியின் உயரம். பதினேழாம் மெட்டின் மேல் தடித்த தந்திக்கு 2.4, மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர் என்பது பரவலாகக் கொள்ளப்படும் தொடக்க அளவு. அதிலிருந்து வாசிப்பவரின் கையைப் பார்த்து ஏற்றலாம், இறக்கலாம். மேலே சொன்ன ஜேமர்சன் தந்திகளை மிக உயரத்தில் வைத்திருந்தார். அறுந்தாலன்றி மாற்றவும் மாட்டார். அந்தக் கருவி பிறர் கைக்கு ஒத்துவராது. அவர் ஒலியோ உலகை ஆண்டது. ஆகவே அளவு என்பது விதியன்று, பேச்சுக்குத் தொடக்கம்.

நான்காவது, சுரத்தானம். தந்தியின் நீளத்தில் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதி. அங்கே தந்தியை மெட்டில் படாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அழுத்தும்போது தந்தி சிறிது நீள்வதால் சுரம் ஏறிவிடும். ஏறினால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும். இறங்கினால் முன்னுக்குத் தள்ள வேண்டும். தடித்த தந்தியின் குதிரை மற்றவற்றைவிடப் பின்தள்ளி நிற்பது இதனால்தான். வீணையில் இதே சிக்கலை மறுமுனையில் தீர்ப்பார்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்பவை. குதிரை அசையாது, கைவினைஞர் தம் செவியை நம்பி ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி மெழுகில் பதிப்பார். வெயிலில் மெழுகு இளகினால் அவரே திரும்ப வர வேண்டும். பேஸ் கிதாரில் மெட்டுகள் அசையா; குதிரை அசையும். வினா ஒன்று, விடை இரண்டு.

இறுதியாக மின்சாரம். தந்தியின் அசைவை மின்னலையாக்கும் காந்தச் சுருளைத் தந்திக்கு மிக அருகே வைத்தால், காந்தம் தந்தியை இழுத்து ஒலியைக் கலக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவில் நிறுத்துவது வழக்கம். நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டுச் சுரம் 49 ஹெர்ட்ஸ். நில இணைப்பு இல்லாத மின்முனையில் ஒலிபெருக்கியைச் செருகினால் எழும் ரீங்காரம் அந்தச் சுரத்தோடு மோதி மேடையைக் கெடுக்கும். 1957 முதல் பிரிசிஷன் பேஸில் இரட்டையாகப் பிரிக்கப்பட்ட சுருள் இந்த ரீங்காரத்தைத் தனக்குள்ளேயே நீக்கிக்கொள்ளும். ஒற்றைச் சுருள் கருவிகளுக்கு அந்தப் பேறு இல்லை. நில இணைப்பு ஒலிக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பு என்பதைப் பந்தல் மேடையில் வாசிப்போர் மறத்தல் கூடாது.

இவற்றைச் செய்து முடித்தவர், கருவியை மடியில் வைத்து ஒவ்வொரு தந்தியையும் அகவிரலால் தடவினார். அடியிலிருந்து உச்சி வரை ஏறி இறங்கினார். மீண்டும் பிருடையை நுணுக்கமாகத் திருகினார். பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்னும் சொற்களுக்கு நாம் வகுப்பில் எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறோம். அவை செயலாக நிகழ்வதை அங்கேதான் பார்த்தோம். யாழும் பேஸ் கிதாரும் ஒன்று என்பது நம் வாதமன்று. அதற்கு மெட்டில்லை, இதற்கு மெட்டுண்டு. அதன் நரம்பு வேறு, இதன் எஃகு வேறு. கருவியை ஆக்கும் கையின் ஒழுங்கு மட்டும் ஒன்று.

இந்த வேலை ஒருமுறையோடு முடிவதும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் இவ்வூர்களின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே நீராகும். மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், உலர்ந்து சுருங்கும். கழுத்து எப்பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். ஆண்டுக்கு இரு முறையேனும், கோடை முடிவிலும் மழை நடுவிலும், அளந்து பார்த்தல் நலம்.

எழுதப்படாத அறிவு

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் கூறுவர். எப்படி மறைந்தது என்பது தெளிவு. பெயர்கள் நூல்களில் தங்கின. செய்முறை கைகளோடு போயிற்று. மட்டக்களப்பின் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள், அரங்கேற்று காதையின் சில அடிகளையும் அவற்றின் உரைகளையும் பிடித்துக்கொண்டு, கணக்கிட்டுக் கணக்கிட்டு யாழை மீட்க முயன்றார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 சூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பாணர்களுள் ஒருவரேனும் தம் நரம்பை எவ்வளவு இறுக்கினார், பத்தரை எம்மரத்தால் எத்தனை விரல் ஆழத்தில் குடைந்தார் என எழுதி வைத்திருந்தால், ஒரு பேரறிஞர் தம் இறுதிக் காலத்தை ஊகத்தில் செலவிட நேர்ந்திராது.

பேஸ் கிதார் உலகில் மறையப் போவதில்லை. ஆங்கிலத்தில் அதற்கு நூல்கள் ஏராளம். ஆனால் சென்னையின் ஈரத்தில் எந்த மரம் எப்படி நடக்கிறது, மெல்லிசை மேடையில் ஐந்து மணி நேரம் வாசிக்கும் கைக்கு எந்த உயரம் ஏற்றது, 1980-களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் எத்தகைய தந்திகள் பூட்டப்பட்டன என்பன அந்நூல்களில் இல்லை. அவை புறநகர் முன்னறைகளில் மூத்துக்கொண்டிருக்கும் சிலர் நினைவில் இருக்கின்றன. நம் தலைமுறை கேட்டு வளர்ந்த பாடல்களின் அடியொலி எவ்வாறு உண்டாயிற்று என்ற வரலாற்றின் பாதி அவர்களிடம் இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று தயங்குவதற்கும் இடமில்லை. மெட்டு, குதிரை, பிருடை, தந்தி, தண்டி ஆகியவை வீணைப் பட்டறைகளில் இன்றும் புழங்குபவை. ‘நெக்’, ‘ஆக்‌ஷன்’, ‘டிரஸ் ராட்’ என்று திருத்துநர் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளலாம். சொல் எங்கிருந்து வந்தாலும் செய்முறை தமிழில் நிற்றல் வேண்டும். பேராசிரியர்கள் கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருக்கும் வேளையில் செய்முறை தெரிந்தவர் மறைந்துவிடுவது நாம் பலமுறை கண்டது.

நம் மாணவரின் கருவிப் பைக்குள் இப்போது நாற்பது பக்கச் சிறு குறிப்பேடு ஒன்று இருக்கிறது. தேதி, தந்தியின் பருமன், கழுத்து இடைவெளி, பதினேழாம் மெட்டின் உயரம், அன்றைய வானிலை, திருத்தியவர் பெயர் என ஆறு பத்திகள். முதல் வரியில் கழுத்து இடைவெளி 0.3 என்று பதிவாகியிருக்கிறது. மழைக்காலத்தில் அளந்தபோது 0.45. கிதாரோ, வீணையோ, நாதசுரமோ, தவிலோ, எக்கருவி வைத்திருப்போரும் இப்படி ஒரு குறிப்பேட்டைத் தொடங்கலாம். திருத்துபவரிடம் அடுத்த முறை செல்லும்போது அவர் செய்வதையும் சொல்வதையும் அவர் சொற்களிலேயே எழுதி, அடியில் அவர் பெயரையும் அவர் இசைவோடு குறித்துவைத்தல் வேண்டும்.